முனியசாமிக்கு நான் எழுதிய ராஜினாமா

பிள்ளைகளே,

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். அபுதாபி முசஃபாவில் ஒரு இரும்பு ஒர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருடம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஆள் வந்தால் பேப்பர் போடுவது, ஆள் போனால் பேப்பர் போடுவது, இதுதான் என் வேலை. நீங்கள் அதற்கு எச்ஆர் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ரிட்டயராகி ஊருக்குப் போனவன், இப்போது விசிட் விசாவில் மறுபடியும் இந்த நாட்டுக்கு, மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

போன வாரம் மகள் ரிஸ்வானா ஆபீஸ் விட்டு வந்து பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் கேட்டாள்.

"வாப்பா, ஒருத்தரை வேலையை விட்டு எடுக்குறப்போ லெட்டர்ல ரீசன் என்ன போடுவீங்க? எங்க மேடம் சொல்றாங்க, ஜஸ்ட் புட் ரிசைன்ட், இட்ஸ் நைசர்னு."

நான் டிவியை அணைத்தேன்.

"நைசர்னா என்னம்மா?"

"அதான் வாப்பா, டீசன்ட்டா இருக்கும். அவங்களுக்கும் ஃபீல் ஆகாது."

அந்த டீசன்ட் வேலையை நான் பல வருடம் செய்திருக்கிறேன். அதில் ஒரு ஆளைக் குழியில் தள்ளப் பார்த்தேன். அதைச் சொல்லி முடித்ததும் அவள், "இதை எழுதுங்க வாப்பா, எங்கூட ஜாயின் பண்ணின மூணு பேருக்கும் படிக்கக் குடுக்குறேன்" என்றாள். நீங்கள் மூவரும் இங்கேயே வளர்ந்த பிள்ளைகள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்றும் சொன்னாள். மெதுவாகப் படியுங்கள். அவசரமில்லை.

முதலில், அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு கார்ப்பென்டரை நிறுத்தினார்கள். லெட்டர் அடிக்கச் சொன்னார்கள். நான் உள்ளது உள்ளபடி அடித்தேன். வேலை சரியில்லை, கம்பெனி நீக்கிவிட்டது என்று. ஆறு மாதம் கழித்து அந்த ஆளை ஒரு டீக்கடையில் பார்த்தேன். என் லெட்டரை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். போகிற இடமெல்லாம் பழைய கம்பெனிக் கடிதம் கேட்கிறார்களாம். இவன் எடுத்துக் காட்டுகிறானாம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை, இங்கிலீஷில் இருக்கிறது. என்மேல் ஒரு கோபமும் இல்லாமல் எனக்கு டீ வாங்கித் தந்தான். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

எங்கள் கம்பெனியில் அரசாங்க ஆபீஸ்களுக்குப் போய் வருகிற மந்தூப் ஒருவர் இருந்தார். சூடான்காரர். ஆறடிக்கு மேலே உயரம். என் கிளார்க் வேலையில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது. அவரிடம் போய் இதைச் சொன்னேன். அரபியும் உருதுவும் கலந்து அவர் பேசுவதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "யா சதீக், இந்தக் காகிதம் உன் மேஜையில ஒரு நாள் இருக்கும். அவன் பையில எத்தனை வருஷம் இருக்கும்? அதை நெனச்சு எழுது." பிறகு அவரே வழியும் காட்டினார். யாரை நிறுத்தினாலும் அவனே போவதாக ஒரு ராஜினாமா எழுதி வாங்கிக்கொள். அவன் முகமும் கெடாது, அடுத்து விசா கொடுக்கிற கஃபீலும் கேள்வி கேட்க மாட்டான்.

அன்றிலிருந்து அப்படியே செய்தேன். நிறுத்தப்பட்டவன் எவனும் என் மேஜையிலிருந்து நிறுத்தப்பட்டவனாகப் போகவில்லை. "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி. கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு ஃபைலே வைத்திருந்தேன், பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். எத்தனையோ பேர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கு அது சரிதான். மந்தூப் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

பிறகு காலம் மாறியது. சில வருடத்துக்கு முன்னால் இங்கே நாடு முழுக்க வேலையிழப்பு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். வேலை செய்கிறவன் மாதாமாதம் சின்னத் தொகை கட்ட வேண்டும். ஒரு வருடம் விடாமல் கட்டியவனுக்கு வேலை போனால், மூன்று மாதம் வரைக்கும் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு பங்கு வரும். ஆனால் கம்பெனி நிறுத்தியிருக்க வேண்டும். தானாகப் போனவனுக்குக் கிடையாது.

எங்கள் ஆட்களுக்கு அதைப் பதிவு செய்தது யார்? நான்தான். ஒவ்வொருவன் போனையும் வாங்கி, ஓடிபி கேட்டு, உட்கார்ந்து போட்டேன். "இன்னொரு பிடித்தமா பாய்?" என்று சலித்துக்கொண்டவர்களிடம், "உனக்குத்தான்டா, நாளைக்கு உதவும்" என்று சொன்னதும் நான்தான். ரினியூ தேதி தவறினால் ஃபைன் என்று ரூம் ரூமாகப் போய்க் கத்தியிருக்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குச் சட்டம் தெரியாது என்று நீங்கள் நினைக்கக்கூடாது. தெரியும். தெரிந்துதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

நான் ரிட்டயராக நாலு மாதம் இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு வர வேண்டிய பெரிய கான்ட்ராக்ட் ஒன்று கை நழுவிப்போனது. ஒன்பது பேரைக் குறைக்க வேண்டும் என்று முடிவானது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் திருப்பூர்ப் பக்கத்துக்காரர். கோபப்பட்டாலும் மரியாதையாகத்தான் கோபப்படுவார்.

"பாய், ஒம்பது பேர்கிட்டயும் ரிசைன் லெட்டர் வாங்கிப்போடுங்க. அதானுங்க க்ளீன்."

"சரிங்க சார்."

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடமாகச் செய்கிற வேலை. அவர் காரணம் அவருக்கு, என் காரணம் எனக்கு. இரண்டும் ஒரே பேப்பரில் வந்து முடிந்ததால் நான் யோசிக்கவில்லை.

அந்த ஒன்பது பேரில் ஒருவன் முனியசாமி. பரமக்குடிப் பக்கம். வெல்டர். நல்ல வேலைக்காரன். எனக்கு அவன்மேல் தனிப்பிரியம், மறைக்க ஒன்றும் இல்லை. ஆபீஸில் ஏசி கெட்டுப்போனால் தன் ரூமிலிருந்து ஃபேன் தூக்கிக்கொண்டு வந்து வைப்பான். ருவைஸ் பக்கம் ஒரு கம்பெனியில் பைப் வெல்டர் வேலைக்கு அவனை டெஸ்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. பாஸ் செய்தால் வாழ்க்கையே மாறிவிடும். அந்த ஆறு வாரம் எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது என்பதுதான் கேள்வி.

பிரியமான ஆளாச்சே என்று அவன் பேப்பரை முதலில் போட்டேன். மற்ற எட்டுப் பேருடையதையும் மறுநாளுக்கு வைத்துவிட்டு, இவனுக்கு மட்டும் அன்றைக்கே ராஜினாமா அடித்து, விசா கேன்சல் ஃபாரமும், அரசாங்க ஃபாரம் அடித்து அனுப்புகிற டைப்பிங் சென்டருக்கு அனுப்பினேன். சீக்கிரம் முடிந்தால் அவனுக்கு நல்லது என்று எண்ணம். கையெழுத்துப் போடும்போது அவன் கேட்டான்.

"நானாப் போறேன்னுதான பாய் எழுதியிருக்கீங்க?"

"பின்னே? உன்னைத் தூக்கிட்டாங்கன்னா எழுதுவேன்?"

"அது போதும் பாய். எம் மச்சினன் ஒருத்தன் இருக்கான். போன் கடை வச்சிருக்கான். தெரிஞ்சா ஊருக்கே போஸ்டர் ஒட்டிருவான்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். நானும் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம் டைப்பிங் சென்டரிலிருந்து போன். இரண்டு ரோடு தள்ளித்தான் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டரில் இருக்கிற அம்மா ஒருவர், திருச்சூர்க்காரர், நாங்கள் எல்லாரும் சேச்சி என்போம். என்னைவிடப் பத்து வயது இளையவர். "பாய் ஒண்ணு வரணும்" என்றார். போனேன். முனியசாமியின் ஃபாரத்தைக் கண்ணாடிக்கு வெளியே எனக்குத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"பாய், இந்த ஆள் சுயமா போறதா? கம்பெனி பறஞ்சு விடறதா?"

"கம்பெனிதான். ஒம்பது பேரைக் குறைக்குறாங்க."

"பின்னே எந்தினா ரிசைன்னு எழுதியது?"

"அவன் நல்லதுக்குத்தான் சேச்சி."

அவர் ஃபாரத்தைக் கீழே வைத்தார்.

"நல்லதோ? இன்ஷூரன்ஸ் போயில்லே? பாய்தானே என்கிட்ட வந்து எல்லாருக்கும் ரினியூ செய்யணும்னு சண்டை போட்டது? ஒரு ஆள் மறந்துன்னு என்னை எத்தனை திட்டு திட்டியது?"

மாதாமாதம் அவனைக் கட்ட வைத்தவன் நான். அவனுக்கு அது வேண்டியிருந்த ஒரே நேரத்தில், என் கையாலேயே அதை வெட்டிவிட்டேன். அந்தப் பணம் இருந்தால் ஆறு வாரம் இங்கே இருந்து டெஸ்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஊருக்குப் போக வேண்டும், அல்லது கிடைக்கிற ஹெல்ப்பர் வேலைக்கு விசா மாற்றிக்கொண்டு போய்ச் சிக்க வேண்டும்.

"சேச்சி, அனுப்பிட்டீங்களா?"

"இல்லா. உங்கட மேனேஜர் ரெண்டு தடவை விளிச்சு, முடிஞ்சோ முடிஞ்சோன்னு கேட்டு. நான் சிஸ்டம் ஸ்லோன்னு பறஞ்சு." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குப் பதினொண்ணு மணி வரை வைக்காம். அதுக்குள்ள கம்பெனி நிறுத்துதுன்னு வேற லெட்டர் கொண்டு வரணும். மேனேஜர் கையொப்பு, சீல், அந்த ஆளோட கையொப்பு. பதினொண்ணு கழிஞ்சா எனக்கு முடியில்லா. எனக்கும் ஜோலி இருக்கணும்."

அந்த அம்மா பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வேலையில் மீதிப் பாதியைச் சொல்லிக் கொடுத்தது அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேனேஜரிடம் போவதா, முனியசாமியிடம் போவதா? பிள்ளைகளே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் நேரே மேனேஜரிடம் போயிருந்தால், அவன் பேரில் நானே இன்னொரு முடிவை எடுத்தவன் ஆகியிருப்பேன். முதல் தப்பே அதுதான். அவனுக்கு எது நல்லது என்று அவனைக் கேட்காமல் எழுதினேன். அதனால் ஆள் குறைப்பு என்று ஒரு லெட்டர் அடித்து எடுத்துக்கொண்டு, டியூட்டி முடிந்து பஸ் வந்ததும் ஆட்கள் தங்குகிற கேம்புக்குப் போனேன்.

ரூமில் முனியசாமி கட்டில் காலில் ஒரு பிளாஸ்டிக் பைப்பைச் சாய்வாகக் கட்டி வைத்திருந்தான். கையில் பென்சில். பைப்பைச் சுற்றிக் குனிந்தும் நிமிர்ந்தும் தரையில் மல்லாந்தும் பென்சிலை நகர்த்திக்கொண்டிருந்தான். அந்த டெஸ்டில் பைப் சாய்ந்தே நிற்குமாம். பைப்பைத் திருப்பக்கூடாதாம், ஆள்தான் சுற்றி வர வேண்டுமாம். மேல் கட்டிலில் அரியலூர் குமார் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்பது பேரில் அவனும் ஒருவன்.

"வாங்க பாய். நாலு நாளா இவன் கட்டிலுக்கு வெல்டிங் வைக்குறான். இன்னும் ஒட்டல."

"நீ இறங்குனாத்தான்டா ஒட்டும், வெயிட்டு" என்றான் முனியசாமி, தரையில் படுத்தபடியே.

நான் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். குமார் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முனியசாமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டான்.

"அப்ப தூக்கிட்டாங்கன்னு எழுதணுமா?"

"ஆள் குறைப்புன்னு எழுதணும்."

"தமிழ்ல சொல்லுங்க. தூக்கிட்டாங்கன்னுதான?"

"ஆமாடா."

"அது வேணாம் பாய்."

நான் எதிர்பார்க்கவில்லை. மேனேஜர் மறுப்பார் என்று தெரியும். இவன் மறுப்பான் என்று நினைக்கவில்லை.

"ஆறு வாரத்துக்கு என்னடா பண்ணுவே?"

"பாத்துக்கலாம் பாய். பதினோரு வருஷம் ஒரு நாளு லீவு போடாம வேலை பாத்துருக்கேன். தூக்கிட்டாங்கங்கிற பேப்பர்ல நான் கையெழுத்துப் போடணுமாக்கும்? சும்மா இருக்குறதுக்குக் காசு வாங்குனான்னு வேற சொல்லுவாய்ங்க."

"சும்மாவா இருக்கே? கட்டிலுக்கு வெல்டிங் வைக்கிறீல்ல" என்றான் குமார். முனியசாமி சிரிக்கவில்லை.

நான் சட்டம் சொன்னேன். நியாயம் சொன்னேன். ஒன்றும் ஏறவில்லை. அந்த நேரத்தில் அவன் போன் அடித்தது. வழக்கமாக அவன் மனைவி காளீஸ்வரி கூப்பிடுகிற நேரம் அது. வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு, "பாய் அண்ணே, சாப்ட்டீங்களா?" என்றாள். முனியசாமி கண்ணைக் காட்டினான், சொல்லாதீர்கள் என்று. குமார் சொல்லிவிட்டான். ஒன்று விடாமல் சொன்னான்.

காளீஸ்வரி என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, மாசாமாசம் ஒரு பிடித்தம் பிடிக்கிறாய்ங்கன்னு எங்கிட்ட பொலம்புனது எதுக்கு? இதுக்குத்தானா?"

"அதுக்குத்தான். அதுக்கு என்ன இப்ப?"

"கட்டுறப்ப உங்களுக்கு வெக்கமா இல்ல. வாங்குறப்ப மட்டும் வெக்கமா இருக்கோ?"

"உங்கண்ணன் என்ன பேசுவான்னு..."

"எங்கண்ணன் கடை போட்ட புதுசுல ஒரு வருஷம் ஈ ஓட்டுனான். அப்ப யாரு அவனுக்குச் சோறு போட்டா? நீங்க அனுப்புன காசுலதான நான் அரிசி மூடை எறக்குனேன். அவன் பேசட்டும், நான் பாத்துக்கிறேன். நீங்க பைப்பைப் பாருங்க."

அவன் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான். கவிழ்த்த போனுக்குள்ளிருந்து அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். முனியசாமி என்னிடம் கையை நீட்டினான். "பேனா குடுங்க பாய். பென்சில்ல போட்டா ஒத்துக்கிற மாட்டாய்ங்கல்ல."

மறுநாள் காலையில் மற்ற எட்டுப் பேரையும் கேட்டு, அவர்கள் லெட்டரையும் புதிதாக அடித்து, ஒன்பதையும் வைத்துக்கொண்டு மேனேஜருக்காகக் காத்திருந்தேன். அவர் வர பத்தேகால் ஆகிவிட்டது. நான் மேஜையில் வைத்ததைப் படித்தார்.

"என்னுங்க பாய் இது? நான் என்ன சொன்னேன், நீங்க என்ன கொண்டாந்திருக்கீங்க?"

சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒம்பது பேர்த்துக்கும் நான் வேற எடத்துல சொல்லி வெச்சிருக்கறனுங்க. ஆள் சப்ளை பண்றவரு ஒருத்தரு, நாளைக்கே எடுத்துக்கறேங்கறாரு. சம்பளம் கொஞ்சங் கம்மி. ஆனா வேலைங்க. நீங்க மூணு மாசம் உக்காந்து திங்கக் காசு கிடைக்கும்னு சொன்னா எவன் போவான்?"

"போறவன் போகட்டும் சார். போகாதவன் அவன் வேலையைத் தேடட்டும்."

"அமெரிக்காவுலயே ஒத்துக்கலீங்க பாய். கொரோனா சமயத்துல நியூஸ்ல பாத்தீங்களா? வேலையில்லாதவங்களுக்குக் குடுங்கன்னு சென்ட்ரல் கவர்மென்ட்டு காசு அனுப்புது. பல ஸ்டேட்டுக்காரன் வேண்டாம்னுட்டான். காசு குடுத்தா ஆளு வேலைக்கு வர மாட்டேங்கறான்னு. அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு?"

அந்தச் செய்தியை நானும் பார்த்திருந்தேன். வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் யாரும் வேலை போனவர்கள் இல்லையே என்று அப்போதே நினைத்தேன். ஆனால் மேனேஜரிடம் அரசியல் பேச நான் வரவில்லை. மணி பத்தரை.

"சார், அங்கே வேண்டாம்னு சொன்னது சர்க்கார் காசை. இது இவனுங்க சம்பளத்துல பிடிச்சுக் கட்டின காசு. வாங்குறதா வேண்டாமான்னு முடிவு பண்ண நாம யாரு சார்?"

"கம்பெனிக்கு ஒம்பது டெர்மினேஷன்னு ரெக்கார்டு ஆகும். அதுக்கு யாருங்க பதில் சொல்றது?"

"நடந்தது அதுதானே சார்."

ஒன்பது லெட்டருக்கும் அடியில் இருந்த இன்னொரு பேப்பரை எடுத்து மேலே வைத்தேன். முனியசாமியின் முதல் ஃபாரத்தில் காரணத்தைத் தவறாகப் பதிவு செய்தது ஆபீஸ் கிளார்க்காகிய நான், கம்பெனிக்கு இதில் பொறுப்பு இல்லை என்று என் கையால் எழுதியது.

"ரிட்டயராகற நேரத்துல எதுக்குங்க பாய் இதெல்லாம்? உங்க ஃபைல்ல இது கெடக்கும்."

"தப்பு பண்ணினவன் ஃபைல்லதான் சார் கிடக்கணும்."

பயம் இல்லாமல் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். என்னுடைய கிராஜுவிட்டி பேப்பரும் அவர் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தது.

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே யார்டு தெரியும். கான்ட்ராக்ட் போன பிறகு பாதி யார்டு காலியாகத்தான் கிடந்தது. ஒரு ஃபோர்க்லிஃப்ட் மட்டும் நின்றுகொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பது.

"பாய், இந்த இன்ஷூரன்ஸு லேபருக்கு மட்டுந்தானுங்களா?"

"இல்ல சார். எல்லாருக்கும்தான். உங்களுக்கும்."

"மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு. நான் பாக்கலீங்க. எனக்கெதுக்குன்னு உட்டுட்டேன்." திரும்பி வந்து உட்கார்ந்தார். "என்னுது நடப்புல இருக்குதான்னு கொஞ்சம் பாருங்க."

"பார்க்கிறேன் சார். பதினொரு மணிக்கு அப்புறம் பார்க்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. பேனாவைத் திறந்து ஒன்பதிலும் கையெழுத்துப் போட்டார். சீலை அவரே எடுத்துக் குத்தினார். என் கையால் எழுதின பேப்பரை மட்டும் இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "ஆபீஸ் தப்புன்னு நான் எழுதித் தர்றனுங்க. ஆபீஸுன்னா அது நான்தானுங்களே. ஓடுங்க."

நான் ஓடிப் பல வருடம் ஆகியிருந்தது. முசஃபாவில் அந்த வெயிலில், லாரிகளுக்கு நடுவே, தொப்பையோடு ஒரு ஆள் பேப்பரைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டயர் கடையில் இருந்த பட்டாணியர் ஒருவர், "பாய், கியா ஹுவா, ஆக் லக் கயா?" என்று கேட்டார். தீப்பிடித்துவிட்டதா என்று. நிற்காமல் தலையை ஆட்டினேன்.

கண்ணாடிக்கு வெளியே நான் மூச்சுவாங்க நின்றதும் சேச்சி கடிகாரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "வெள்ளம் குடி பாய். முதல்ல வெள்ளம் குடி" என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் குடித்து முடிப்பதற்குள் பழைய ஃபாரத்தை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்க ஆரம்பித்திருந்தார்.

அன்று மத்தியானம் மேனேஜருடையதைப் பார்த்தேன். விட்டுப்போயிருந்தது. ஃபைனோடு சேர்த்துக் கட்டிப் புதிதாகத் தொடங்கிவைத்தேன். மறுபடியும் ஒரு வருடம் எண்ண வேண்டும் என்றேன். "அது வரைக்கும் வண்டி ஓடணும், அப்படித்தானுங்களே?" என்றார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார், நல்லா இருக்கிறார். பெருநாளைக்குப் போன் பண்ணுவார்.

அந்த ஒன்பது பேரில் நான்கு பேர், பணம் வரும் என்று தெரிந்தும் அந்த சப்ளைக்காரரிடமே போனார்கள். அவரவர் கணக்கு அவரவருக்கு. மற்றவர்கள் காத்திருந்து வேறு இடம் தேடினார்கள். குமார் ஊருக்கே போய்விட்டான், ஊரில் இப்போது லோடு வண்டி ஓட்டுகிறான். உட்கார்ந்து தின்பார்கள் என்று மேனேஜர் பயந்தார் அல்லவா, மூன்று மாதம் முழுக்க உட்கார்ந்தவன் ஒருவனும் இல்லை.

முனியசாமிக்கு முதல் மாதப் பணம் வந்தது. பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு ரூமில் கட்டில் இடம் மட்டும், வாடகைக்கு எடுத்துத் தங்கினான். ஆறாவது வாரம் டெஸ்ட். அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. எடுத்ததும், "பாய், ஒட்டிருச்சு" என்றான்.

பிள்ளைகளே, மந்தூப் எனக்குச் சொன்னது இன்றைக்கும் சரி. காகிதம் உங்கள் மேஜையில் ஒரு நாள்தான் இருக்கும், அதை நினைத்துத்தான் எழுத வேண்டும். ஆனால் அவர் காட்டிய வழி அவர் காலத்துச் சட்டத்துக்கு ஏற்ற வழி. சட்டம் மாறிய அன்றைக்கு நான் என் இரக்கத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது பழகிப்போய்த் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவனுக்கு நல்லது செய்கிறோம் என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றுகிற நேரத்தில்தான் அவனைக் கூப்பிட்டு, அவன் பாஷையில், இந்தப் பேப்பர் உனக்கு எதைக் கொடுக்கும், எதை எடுக்கும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள்.

ரிஸ்வானா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அந்த மச்சினன்கிட்ட முனியசாமி அங்கிள் என்னதான் சொன்னார் வாப்பா?" என்றாள்.

அதை நான் அவனிடமே கேட்டிருக்கிறேன். ருவைஸ் கம்பெனிக்காரன் பிடிவாதமாகக் கூப்பிட்டதால் பழைய வேலையை உதறிவிட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறான். காளீஸ்வரியும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டிருக்கிறாள். சொல்லட்டும். ஊரில் என்ன சொல்வது என்பது அவன் உரிமை. நீங்கள் பேப்பரில் நடந்ததை எழுதுங்கள்.